அத்தியாயம் 7: தேர்வு நின்றுபோனால் எல்.எல்.ஆர். என்னாகும்?

எல்.எல்.ஆர். எனும் பழகுநர் உரிமம் கைக்கு வந்த அன்றே இரண்டு கணக்குகள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன. முதல் கணக்கு 30 நாள். அதைப் பெற்று முப்பது நாள் முடியாமல் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியாது. இரண்டாவது கணக்கு ஆறு மாதம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 14-ஆம் பிரிவு எல்.எல்.ஆருக்குக் கொடுத்திருக்கும் ஆயுள் அவ்வளவுதான். இந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் ஐந்து மாதத்துக்குள் 8 போட்டுக் காட்டி, வண்டியை ரிவர்ஸ் எடுத்துக் காட்டி, தேறியாக வேண்டும். ஒருமுறை தவறினால் ஏழு நாள் கழித்து மறுபடியும் போகலாம். மூன்று முறை தவறியவர் 60 நாள் காத்திருக்க வேண்டும். சாதாரண காலத்தில் இது தாராளமான அவகாசம். ஊரே முடங்கும் காலத்தில் இந்த ஐந்து மாதம் நம் கண்ணெதிரே கரைந்துபோகும்.

2020-இலும் 2021-இலும் அதுதான் நடந்தது. அந்த அனுபவத்தை நேரே எடுத்துக்கொண்டுதான் இந்த அத்தியாயம். கொரோனா போய்விட்டது, இனி எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எல்.எல்.ஆரின் 30 நாள், ஆறு மாதக் கணக்குகள் அன்று இருந்தபடியேதான் இன்றும் இருக்கின்றன. இன்னொரு தொற்று வந்தாலும் தாலுகாவில் இருப்பவர்தான் முதலில் தவிப்பார்.

செஞ்சியிலிருந்து பார்த்தால்

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு. செஞ்சிக் கோட்டை அதற்கும் முன்பே, மார்ச் 17 அன்று, தொல்லியல் துறையின் மற்ற நினைவுச் சின்னங்களோடு சேர்த்துப் பூட்டப்பட்டது. டிரைவிங் ஸ்கூல்கள் மூடின, ஆர்.டி.ஓ. ஆபீஸ் தேர்வுகள் நின்றன. மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியாக விழுப்புரம் மாவட்டத்தில் தொற்று ஏறியது. மே 18 முதல் அரசு அலுவலகங்கள் பாதி ஊழியரோடு இயங்கின. பாதி ஊழியர் என்றால் தேர்வுக்கான இடமும் அந்த அளவுக்குக் குறையும். ஒருவர் இறங்கியதும் ஸ்டீயரிங்கைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவரை ஏற்ற வேண்டும் என்றால் நேரமும் போகும்.

சென்னைக்காரருக்குத் தேர்வு தள்ளிப்போனதுதான் பிரச்சினை. செஞ்சி, வளத்தி, அவலூர்பேட்டை, அனந்தபுரம் பக்கத்தில் இருப்பவருக்கு அதற்கு மேல் இன்னொன்று இருந்தது. தேர்வு நடந்தாலும் போய்ச் சேர வழியில்லை. ஜூன் 1 முதல் மண்டலத்துக்குள் பேருந்து விட்டார்கள், ஜூலையில் மறுபடியும் நிறுத்தினார்கள். மாவட்டத்துக்குள் பேருந்து ஓடியது செப்டம்பர் 1 முதல், மாவட்டம் விட்டு மாவட்டம் ஓடியது செப்டம்பர் 7 முதல். செஞ்சியிலிருந்து, தேர்வுக்குப் போக வேண்டிய திண்டிவனம் 28 கிலோமீட்டர். பேருந்து இல்லாத நாளில் அந்த 28 கிலோமீட்டரை வண்டியில்தான் கடக்க வேண்டும். உரிமம் வாங்கப் போகிறவரிடம் அந்த வண்டியைத் தனியாக ஓட்ட உரிமம் இருக்காது. உரிமம் உள்ள அண்ணனோ மாமாவோ அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு உடன் வந்தால்தான் உண்டு.

நீட்டிப்புக் கடிதத்தை எப்படிப் படிப்பது

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 மார்ச் 30 அன்று மாநிலங்களுக்கு ஓர் அறிவுரைக் கடிதம் அனுப்பியது. 2020 பிப்ரவரி 1-க்குப் பிறகு காலாவதியாகி, ஊரடங்கால் புதுப்பிக்க முடியாமல் போன ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, பெர்மிட், தகுதிச் சான்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழான மற்ற ஆவணங்கள் ஆகியவற்றை ஜூன் 30 வரை செல்லுபடியாகும் என்று கருதும்படி அது சொன்னது. அந்தத் தேதி பிறகு செப்டம்பர் 30, டிசம்பர் 31, 2021 மார்ச் 31, ஜூன் 30, செப்டம்பர் 30 என்று தள்ளிக்கொண்டே போய், ஏழாவது கடிதத்தில் 2021 அக்டோபர் 31-இல் நின்றது.

இந்தக் கடிதங்களை அந்த நாட்களில் பலர் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, 'எல்லாருக்கும் டைம் கொடுத்துட்டாங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் கொடுக்கவில்லை. கணக்குக்காக இரண்டு பேரை வைத்துக்கொள்வோம்.

ஒருவர் மேல்சித்தாமூர்க்காரர். 2020 பிப்ரவரி 10 அன்று எல்.எல்.ஆர். எடுத்தார். மார்ச் 11-இல் 30 நாள் முடிந்தது. மார்ச் 26-க்குத் தேர்வு ஸ்லாட் எடுத்திருந்தார், அது போனது. அவருடைய எல்.எல்.ஆர். ஆகஸ்ட் 9 அன்று முடிய வேண்டியது. ஏழு கடிதங்களின் தயவில் அது 2021 அக்டோபர் 31 வரை, அதாவது இருபது மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தது.

இன்னொருவர் சிங்கவரத்துப் பெண். 2021 மே 5 அன்று எல்.எல்.ஆர். எடுத்தார். ஐந்தாம் நாளே, மே 10 அன்று, இரண்டாம் அலையின் முழு ஊரடங்கு வந்துவிட்டது. ஜூன் மாதக் கடைசி வரை பேருந்து இல்லை. அவருடைய எல்.எல்.ஆர். நவம்பர் 4 அன்று முடிகிறது. நீட்டிப்பு அக்டோபர் 31-ஓடு நின்றுவிட்டதால், அவருக்கு ஒரு நாள்கூடக் கூடவில்லை. ஆறு மாதத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் ஊரடங்கில் போனது. மிச்ச நாளில், அக்டோபர் 31-க்குள் முடித்துவிட வேண்டும் என்று நெருக்கிய பழைய ஆட்களோடு அதே வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

இது அநியாயம் என்பதுதான் என் கருத்து. நீட்டிப்பு என்றால் 'தேர்வு நிறுத்தப்பட்ட நாட்களை ஒவ்வொருவரின் ஆறு மாதத்தோடும் கூட்டு' என்று இருந்திருக்க வேண்டும். காலண்டரில் ஒரு தேதியைக் குறித்து, அதற்கு முன் முடிந்ததெல்லாம் செல்லும் என்றதால், முதலில் மாட்டியவர் தப்பினார், கடைசியில் மாட்டியவர் விழுந்தார். அடுத்த முறை இப்படி ஓர் அறிவிப்பு வந்தால், உங்கள் எல்.எல்.ஆரில் உள்ள முடிவுத் தேதியைப் பென்சிலால் வட்டமிட்டு, அறிவிப்பில் உள்ள இரண்டு தேதிகளுக்கும் நடுவில் அது விழுகிறதா என்று முதல் வேலையாகப் பாருங்கள். விழவில்லை என்றால் உங்களுக்கு நீட்டிப்பு இல்லை. அன்றே அடுத்த வழியைத் தேடுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அவை மாநிலங்களுக்கு அனுப்பப்பட்ட அறிவுரைகள். வண்டியை மறிக்கும் காவலர் கையில் அந்தக் கடிதம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எண்ணும் தேதியும் தெரியும்படி அச்செடுத்து, எல்.எல்.ஆரோடு மடித்து வையுங்கள். செல்பேசியில் இருக்கிறது என்று நம்பிப் போய், கூட்டுரோட்டில் சார்ஜ் இல்லாமல் நிற்பதைவிட ஒரு ஜெராக்ஸ் மேல்.

ஸ்லாட் போனால் செய்ய வேண்டியது

சாரதி இணையதளத்தில் விண்ணப்பிக்கும்போது செல்பேசி எண் கேட்கும். டிரைவிங் ஸ்கூல் வழியாகப் போகிறவர்களில் பலர் ஸ்கூல்காரர் எண்ணையே கொடுத்துவிடுகிறார்கள். தேர்வு ரத்தானால், தேதி மாறினால், குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் போகும். ஊரடங்கில் ஸ்கூலும் மூடியிருந்தால் உங்களுக்கு யார் சொல்வது? உங்கள் எண்ணையே, ஆதாரோடு இணைத்த எண்ணையே, கொடுங்கள். விண்ணப்ப எண், எல்.எல்.ஆர். எண், பிறந்த தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். இவை இருந்தால் எந்த இ-சேவை மையத்திலும் நிலவரம் பார்த்துவிடலாம்.

தேர்வு ரத்தானதாக வந்த செய்தியை அழிக்காதீர்கள். ஸ்லாட் சீட்டையும் கட்டண ரசீதையும் கிழிக்காதீர்கள். பிற்பாடு 'தேர்வுக்கு வரவில்லை' என்று பதிவாகியிருந்தால், நீங்கள் தவறவில்லை, அலுவலகம்தான் மூடியிருந்தது என்பதற்கு அந்தச் சீட்டுதான் சாட்சி.

எந்த அலுவலகம் உங்களுக்கு என்பதை அஞ்சல் குறியீடு இட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். செஞ்சிக்கு 604202. ஒன்று பலருக்குத் தெரியாது. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டபின், மாநிலத்தின் எந்த உரிம அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம் என்றுதான் 8, 9 பிரிவுகள் சொல்கின்றன. திண்டிவனத்தில் இடமில்லை என்றால் விழுப்புரம், அங்கும் இல்லையென்றால் திருவண்ணாமலை என்று கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. நேரில் கிளம்புமுன் போனில் கேட்டுவிடுங்கள். 2020-இல் திருவண்ணாமலை போக மாவட்ட எல்லை தாண்ட வேண்டியிருந்தது, அதற்கு இ-பாஸ் வேண்டியிருந்தது. ஆகஸ்ட் முடியும்வரை அந்தக் கட்டுப்பாடு இருந்தது.

நாற்பது வயது தாண்டியவர்களுக்கு 1-ஏ படிவத்தில் மருத்துவச் சான்று வேண்டும். தொற்றுக் காலத்தில் அரசு மருத்துவரைப் பிடிப்பது கடினம். ஆனாலும் அவசரப்பட்டு மிக முன்னதாக வாங்கி வைக்காதீர்கள். தேர்வு தள்ளிப்போனால் சான்று பழையது என்று திருப்பிவிடக்கூடும்.

எல்.எல்.ஆர். நிஜமாகவே முடிந்துபோய், நீட்டிப்பிலும் வரவில்லை என்றால், புதிதாக எடுங்கள். ஒன்றிய விதிப்படி வண்டி வகை ஒன்றுக்கு 150 ரூபாய், அதன்மேல் தேர்வுக் கட்டணமும் சேவைக் கட்டணமும். திரும்பவும் 30 நாள் காத்திருக்க வேண்டும். வயிறு எரியும்தான். ஆனால், 'எப்படியும் தேதியைத் தள்ளுவார்கள்' என்று உட்கார்ந்திருந்து நாலு மாதம் இழப்பதைவிட இது மலிவு. இப்போது இந்த வேலை முன்னைவிடச் சுலபம். 2021 மார்ச்சில் எல்.எல்.ஆர். விண்ணப்பம் முதல் அச்சு வரை இணையத்திலேயே முடிக்க ஒன்றிய அரசு விதியில் இடம் தந்தது. தமிழ்நாட்டில் 2024 மார்ச் முதல் இ-சேவை மையங்களிலும் விண்ணப்பிக்கலாம். நேரில் வந்து ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு மட்டும் இணையத்தில் மாற்று இல்லை. அடுத்த தொற்றிலும் நெரிசல் அங்கேதான் வரும்.

காத்திருக்கும் மாதங்களில் வண்டியைத் தொடலாமா?

எல்.எல்.ஆர். செல்லுபடியாகும் வரை தொடலாம், விதிப்படி. வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது, எழுத்து 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது. காரில் உரிமம் உள்ளவர் பக்கத்தில், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பைக்கில் பின்னால் ஏற்றுவதென்றால் உரிமம் வைத்துக் கற்றுத்தரும் ஆளைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. தங்கையைப் பள்ளியில் விடுவது, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது எதற்கும் எல்.எல்.ஆர். போதாது.

காப்பீட்டுப் பணம் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: எல்.எல்.ஆரும் செல்லுபடியாகும் உரிமம்தான், அதைக் காரணம் காட்டி நிறுவனம் கைவிரிக்க முடியாது என்று 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முடிந்துபோன எல்.எல்.ஆருக்கு அந்தத் தெம்பு இல்லை. அடிபட்டவருக்கு நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு, வண்டிக்காரரிடம் திரும்ப வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். அபராதமும் முன்பு போல 500 ரூபாய் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பின் உரிமமின்றி ஓட்டினால் 5,000. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து இந்தப் புதிய தொகைகள் வசூலாகின்றன. வண்டியைக் கொடுத்தவருக்கும் தனியாக 5,000. பக்கத்து வீட்டுக்காரரிடம் பைக்கைக் கேட்கும்போது அவரையும் இதில் மாட்டிவிடுகிறோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊரடங்கு காலத்தில் நம் பக்கம் ஓட்டப் பழகியவர்களுக்கு வந்த ஒரு கேடு பற்றிச் சொல்ல வேண்டும். சாலை காலியாகக் கிடந்தது. திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலத்துக்குத் தடை, மேல்மலையனூரில் அமாவாசைக் கூட்டம் இல்லை. கிருஷ்ணகிரி மலைக்கும் ராஜகிரிக்கும் நடுவே, கோட்டை மதிலைப் பிளந்துகொண்டு போகும் திருவண்ணாமலைச் சாலையில் எதிரே வண்டியே இல்லாமல் ஓட்டலாம். அப்படிப் பழகியவருக்கு கிளட்ச்சும் கியரும் கைவந்திருக்கும், சாலை கைவந்திருக்காது. பௌர்ணமி இரவில் அதே சாலைப் பக்கம் போய்ப் பாருங்கள். வேனும் பேருந்தும் வால்பிடித்து நிற்க, இடையில் டூவீலர்கள் புகுந்து வரும். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். நெல்லின் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டை ஏற்றிவரும் டிராக்டருக்குப் பின்விளக்கு எரியாமல் இருக்கலாம்.

அதனால் இப்படிப் பழகுங்கள். ஊர் முடங்கியிருக்கும் மாதங்களில், எல்.எல்.ஆர். உயிரோடு இருந்தால், ஊர்த் தெருவிலும் காலி மைதானத்திலும் 8 போடுவதையும் ரிவர்ஸ் எடுப்பதையும் மட்டும் பழகுங்கள். சுண்ணாம்புப் பொடியில் 8 வரைந்துகொண்டு, கால் ஊன்றாமல், கோட்டைத் தொடாமல் மெதுவாகச் சுற்றி வர வேண்டும். வேகமாகச் சுற்றுவது எளிது, மெதுவாகச் சுற்றுவதுதான் கடினம். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்ப்பதும் அதைத்தான். மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுப்பதையும் பழகுங்கள். சந்தடி திரும்பியதும், தேர்வுக்கு முன், உரிமம் உள்ளவரோடு சந்தை நாளில் ஒருமுறையாவது நகருக்குள் ஓட்டிவிட்டு, அதன்பிறகு ஸ்லாட் எடுங்கள். முன்பே ஸ்லாட் கிடைத்துவிட்டதே என்று போய், மூன்று முறை தவறி, 60 நாள் காத்திருப்பில் விழாதீர்கள்.

வேலைக்காக உரிமம் கேட்பவர்கள்

லாரி, பேருந்து ஓட்டப் போகிறவருக்குத் தாமதம் அடுத்த உரிமத்துக்கும் தொடரும். கனரக வாகனத்துக்கான எல்.எல்.ஆர். எடுக்கவே, இலகு ரக உரிமம் வாங்கி ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். இலகு ரகத் தேர்வு எட்டு மாதம் தள்ளினால் அந்த ஓராண்டும் எட்டு மாதம் கழித்துத்தான் தொடங்கும். குட்டி யானை, சிறிய சரக்கு வேன் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை இலகு ரக உரிமத்திலேயே ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதிசெய்தது. ஆகவே நெருக்கடியில் முதலில் இலகு ரக உரிமத்தைப் பிடித்துவிடுங்கள், பிழைப்புக்கு அது போதும்.

வேலைக்காக ஓட்டுகிறவர்களுக்கு முன்னுரிமை தந்த நாடும் உண்டு. பிரிட்டனில் 2020 மார்ச்சில் தேர்வுகளை நிறுத்தியபோது, மருத்துவப் பணியாளர் போன்ற அத்தியாவசிய ஊழியர்களுக்கு மட்டும் அவசரத் தேர்வு நடத்தினார்கள். இன்னொரு பக்கம், இரண்டாண்டு செல்லும் எழுத்துத் தேர்வுச் சான்று முடிந்துபோனவர்களுக்கு அதை நீட்டிக்க மறுத்து, 23 பவுண்டு கட்டி மறுபடி எழுதச் சொன்னார்கள். நம் நாட்டில் தாளின் ஆயுளை நீட்டினார்கள். ஆம்புலன்ஸ் ஓட்ட வருகிறவருக்கும், பால் வண்டி, காய்கறி வண்டி ஓட்டுகிறவருக்கும் முன்னுரிமைத் தேர்வு பற்றி அந்த ஏழு கடிதங்களிலும் பேச்சில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்திருக்கலாம்.

மனு எழுதும்போது

தேர்வு மாதக்கணக்கில் நடக்கவில்லை என்றால் சும்மா இருக்காதீர்கள். விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள் நடக்கும். நெருக்கடியில் கூட்டம் நடக்காவிட்டால் முதல்வரின் உதவி மையத்துக்கு 1100-இல் சொல்லலாம். உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர் தேர்வுக்குக் காத்திருக்கிறார்கள், ஒரு நாளுக்கு எத்தனை பேரைச் சோதிக்கிறார்கள் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் புலம்பல் வேண்டாம். எல்.எல்.ஆர். எண், எடுத்த தேதி, முடியும் தேதி, ரத்தான ஸ்லாட் தேதி, இந்த நான்கும் போதும். பத்துப் பேர் சேர்ந்து பத்துப் பேர் தேதிகளையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் இன்னும் கனமாக இருக்கும்.

கடைசி வரியாக இந்தக் கோரிக்கையை மறக்காமல் சேருங்கள்: தேர்வு நிறுத்தப்பட்ட நாட்களை ஒவ்வொருவரின் எல்.எல்.ஆர். காலத்தோடும் கூட்டித் தர வேண்டும், தேர்வு திரும்பத் தொடங்கும்போது வாரத்தில் ஒரு நாளாவது மோட்டார் வாகன ஆய்வாளர் தாலுகா தலைநகருக்கே வந்து முகாம் நடத்த வேண்டும்.